கடையில் எடுக்காத ரைஃபிள்

வெண்டல் ஹூடாக் துப்பாக்கி வாங்கும் லட்சணத்தைப் பார்த்தால் எந்தக் கடைக்காரனுக்கும் எரிச்சல் வரும். தன் முகம் தெரியாத கடையாகப் பார்த்து, பக்கத்து மாவட்டத்துக்குப் போவார். கண்ணாடிப் பெட்டிக்குள் மினுக்கிக்கொண்டு நிற்கும் ரைஃபிளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "அடியில கிடக்கு பாருங்க, மூலை நசுங்கின பெட்டி. அதைக் குடுங்க" என்பார். "ரெண்டும் ஒரே சரக்குதானே பெரியவரே" என்று கடைக்காரன் சொன்னால், "அப்போ அதைக் குடுக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று வாயை அடைத்துவிடுவார். கம்பெனிக்காரன் தானாக அனுப்பிவைக்கும் துப்பாக்கியைக் கையால் தொட மாட்டார். விருந்தாளி வருகிறான் என்று தெரிந்தால் எந்த வீடும் சுத்தமாகத்தான் இருக்கும், சொல்லாமல் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி.

இவ்வளவு பிடிவாதமும் தனக்காக இல்லை. மலைகளுக்கு நடுவே கிடந்த அந்தப் பென்சில்வேனியா ஊரில் தீயணைப்புப் படைக்குச் சம்பள ஆள் ஒருவனும் கிடையாது. தீ பிடித்தால் தச்சனும் பஸ் டிரைவரும்தான் ஓடவேண்டும். வண்டிக்கு டயர், டீசல் எல்லாம் அக்டோபர் மாதம் நடக்கும் துப்பாக்கிக் குலுக்கலில் வருவதுதான். சீட்டு எடுத்தவர்களுக்கு அன்று முழுக்க பீரும் பன்றியிறைச்சியும் முட்டைக்கோசோடு வெண்ணெயில் வதக்கிய ஹலுஷ்கி நூடுல்ஸும் உண்டு. சீட்டு விழுந்தவர்களுக்குத் துப்பாக்கி. பெரிய பரிசுகள் நாலைந்து போக, மீதியெல்லாம் ஒரே ரகமாக மொத்தத்தில் வாங்கிய மலிவு செமி ஆட்டோமேடிக் ரைஃபிள்கள். மான் வேட்டைக்குச் சட்டப்படி அந்த ரகம் கூடாது, கயோட்டி நரிக்கு ஆகும். எந்தக் கம்பெனி ரைஃபிளை வாங்குவது என்று தீர்ப்புச் சொல்வது வெண்டல்.

மலிவாக இருப்பது குற்றமில்லை என்பார் அவர். எல்லாக் கம்பெனியும் எங்கேயோ ஓரிடத்தில் மிச்சம் பிடித்துத்தான் விலையைக் குறைக்கிறது. வர்ணத்தில் மிச்சம் பிடித்தானா, பிடித்துவிட்டுப் போகட்டும். பின்கட்டை ஆடுகிறதா, ஆடட்டும். உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைத்தானா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க, வாங்கிய ரைஃபிளைப் பழைய நிலக்கரிக் குழிக்கு எடுத்துப் போய், இருப்பதிலேயே மட்டமான தோட்டாவைப் போட்டு, துடைக்காமல், எண்ணெய் காட்டாமல், சேற்றில் புரட்டி எடுத்து, பெட்டி பெட்டியாகச் சுடுவார். பிறகு முழுக்கப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் பார்ப்பார். பேர் பெற்ற ஒரு கம்பெனியின் ரைஃபிளை ஒரு வருஷம் இப்படிப் பார்த்துவிட்டு, "தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுக்க நல்லா இருக்கும்" என்று கூட்டத்தில் சொன்னார். அந்தப் பள்ளத்தாக்கில் அதற்குப் பிறகு அந்த ரகம் ஒன்றுகூட விலைபோகவில்லை.

அவருக்கு மனைவி போய்விட்டாள். முப்பது வருஷம் வேலை பார்த்த பாட்டில் தொழிற்சாலை மூடிப்போயிற்று. இடது காது பாதி போயிற்று. ஊரில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு மட்டும் போகாமல் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் தெருவில் நிமிர்ந்து நடந்தார்.

மூடிக் கிடந்த அந்தத் தொழிற்சாலையின் கதவு ஒரு வசந்தத்தில் திரும்பத் திறந்தது. வெளியூர்க்காரன் ஒருவன் வந்து, பாகங்களைப் பூட்டி மலிவு ரைஃபிள்கள் செய்யும் கம்பெனி வைத்தான். ஊரில் நாற்பது பேருக்கு வேலை கிடைத்தது. வெண்டலின் ஒரே மகள் கொரினுக்கும் கிடைத்தது. கடைசி மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு ரைஃபிளையும் சரிபார்த்து, சீட்டில் தன் முதலெழுத்தைப் போடுவது அவள் வேலை. அப்பனிடம் கற்ற வித்தைக்குச் சம்பளம் வருகிறதே என்று வெண்டலுக்குத் தாங்காத பெருமை. காப்பிக் கடையில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொன்னார்.

செப்டம்பரில் ஒரு நாள் அவள் நீளமான அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"இந்தாங்கப்பா. எங்க ரைஃபிள். இப்பதான் லைன்ல இருந்து இறங்குச்சு."

"நான் கடையில எடுத்துக்கறேன்மா. உனக்குத் தெரியாதா?"

"கடைக்கே இன்னும் போகலையே. குலுக்கலுக்கு முன்னாடி நீங்க பாக்கணும்னா இதுதான் வழி."

"உங்க முதலாளி பொறுக்கி எடுத்துக் குடுத்தானா?"

"நான் எடுத்தேன், போதுமா? பெத்த பொண்ணு மேலயே நம்பிக்கை இல்லன்னா சொல்லுங்க, இப்பவே வண்டில ஏத்திக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் கட்டியிருந்த சீட்டில் அவள் கையெழுத்து இருந்தது. வெண்டல் அதைப் பார்த்தார். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். இத்தனை வருஷத்தில் கடையில் எடுக்காமல் அவர் கையில் வாங்கிய முதல் ரைஃபிள் அதுதான்.

குழியில் அது கழுதை மாதிரி உழைத்தது. சேறு, தூசி, மட்டமான தோட்டா, எதற்கும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து பிரித்தார். இந்த ரக ரைஃபிளில் தோட்டா வெடிக்கும் புகையில் ஒரு பங்கு பின்னால் வந்து, காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. அந்தப் புகையை வாங்கிக்கொள்ளும் சின்ன உலோகத் துண்டை இரண்டே திருகாணிகள் பிடித்திருக்கின்றன. அவை கழன்றால் புகை ஒழுகும், ரைஃபிள் காலை வாரிவிடும். அதனால் திருகாணி முடுக்கியதும், பக்கத்து உலோகத்தைப் பஞ்ச் என்கிற கூர் உளியை வைத்துக் குத்தி, திருகாணித் தலைமேல் சாய்த்து நெருக்கிவிட வேண்டும். மிச்சம் பிடிக்கிறவன் முதலில் கை வைக்கிற இடம் இதுதான். இதில் குத்து ஆழமாக, அழகாக விழுந்திருந்தது. "எவனோ வேலை தெரிஞ்சவன்" என்று வெண்டல் வாய்விட்டே சொன்னார். சந்தோஷத்தில் அதற்குமேல் உற்றுப் பார்க்கவில்லை.

தீயணைப்புக் கூடத்தில் கூட்டம் கூடியது. தலைவர் கஸ் பெட்ராக், வெண்டலோடு பாட்டில் தொழிற்சாலையில் உலை முன்னால் நின்று வெந்தவர். கேலிக்கு அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"என்னய்யா வெண்டல், பொண்ணு கம்பெனிங்கறதுக்காகத் தூக்கிப் பேசறியா?"

"என் பொண்ணே செஞ்சிருந்தாலும் ஓடலன்னா தக்காளிச் செடிக்குத்தான். இது ஓடுது. வாங்குங்க."

"கடையில எடுத்ததுதானே?"

வெண்டல் திரும்பிப் பார்த்தார். சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மற்றப் பெண்களோடு கொரின் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் போலத்தான்" என்றார் வெண்டல்.

அக்டோபர் குலுக்கலில் வெர்னா ஸ்டாலுக்கு ஒரு ரைஃபிள் விழுந்தது. அவள் வெண்டலோடு ஒரே பள்ளியில் படித்தவள். மலைச்சரிவில் ஒண்டியாக ஆடு வளர்க்கிறாள். "நீ சொன்னா சரி வெண்டல். என் பழைய துப்பாக்கிய அண்ணன் பையனுக்குக் குடுத்துட்டேன். இனிமே இதுதான்" என்று பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

பனி விழத் தொடங்கியதும் புகார் வர ஆரம்பித்தது. ஒருவனுக்கு இரண்டாவது தோட்டா ஏறவில்லை. இன்னொருவனுக்குக் காலிக் கூடு வாயிலேயே மாட்டிக்கொண்டது. வெண்டல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எண்ணெய் போடத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குடா துப்பாக்கி? போய்க் கவட்டை வாங்கிக்கோ" என்று திட்டி அனுப்பினார். நான் சுட்டுப் பார்த்த ரைஃபிளையா குறை சொல்கிறாய் என்ற திமிர். அந்தத் திமிரில் நியாயமும் இருந்தது, அவர் உண்மையிலேயே சுட்டுப் பார்த்தவர்.

பிப்ரவரியில் வெர்னா வந்தாள். வெண்டலின் கருவிக் கொட்டகை வாசலிலேயே நின்றாள். பூட்ஸில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"விடியக்காத்தால கயோட்டிங்க வந்துச்சு வெண்டல். குட்டி போடற தொழுவத்துக்குள்ளயே. முதல் குண்டு தப்பிடுச்சு. ரெண்டாவது வரவே இல்ல. காலிக் கூடு குறுக்க மாட்டிக்கிச்சு. கையுறையோட இழுக்கறேன், பறிக்கறேன், வரல. என் கண்ணு முன்னாடியே ஒவ்வொண்ணா..." அவள் குனிந்து பூட்ஸைப் பார்த்தாள். "எண்ணெய் போட்டேன் வெண்டல். நீ சொன்ன எண்ணெய்தான். அளவாத்தான் போட்டேன்" என்றாள்.

அவள் சண்டைக்கு வந்திருந்தால் வெண்டல் திருப்பிச் சண்டை போட்டிருப்பார். அவள் தன் மேல்தான் தப்பு என்பதுபோல் நின்றாள். "வெச்சுட்டுப் போம்மா, பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

பிரித்தார். இரண்டு திருகாணிகளும் விரலால் ஆட்டினால் ஆடின. தலையில் குத்தே இல்லை. வெறும் பசை தடவி விட்டிருந்தார்கள், சூட்டில் அது கருகிப் பொடியாகியிருந்தது. ஏதோ ஒன்று தப்பி வந்திருக்கிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, முடுக்கிக் குத்திக் கொடுத்துவிடலாம் என்று பஞ்ச் உளிக்காகக் கையை நீட்டினார்.

அவர் கொட்டகைச் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் பென்சிலால் உருவம் வரைந்து ஆணி அடித்திருப்பார். பஞ்ச் இருக்கவேண்டிய இடத்தில் பென்சில் கோடு மட்டும் இருந்தது.

சின்ன வயதில் கொரின் அந்தப் பஞ்ச் உளியைச் சிமெண்டுத் தரையில் போட்டு நுனியை உடைத்தாள். அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. அது குத்திய இடத்தில் ஒரு குழியும், குழிக்குப் பக்கத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வளைவும் விழும். வெண்டல் எழுந்து போய்த் கொரின் கொடுத்த ரைஃபிளை எடுத்து வந்து பிரித்தார். இந்த முறை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். குழிக்குப் பக்கத்தில் வளைவு இருந்தது. ஒவ்வொரு குத்திலும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொரின் சூப் பாத்திரத்தோடு வந்தாள். மேசையில் இரண்டு ரைஃபிள்களின் குடலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"பஞ்ச் எங்கம்மா?"

"கார்ல இருக்கு."

"எப்ப எடுத்த?"

"உங்களுக்கு ரைஃபிள் கொண்டாந்தனே, அதுக்கு முந்தின வாரம்." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "குத்தற மேசையவே தூக்கிட்டாங்கப்பா. ஒரு ஆள் மிச்சம், நேரம் மிச்சம். பசை போட்டா போதும்னுட்டான் முதலாளி."

"கடைசி மேசைல நீதானே உக்காந்திருக்க? சீட்டுல உன் எழுத்துதானே இருக்கு?"

"நான் போடலன்னா இன்னொருத்தி போடுவா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? கூட்டத்துல எழுந்து நின்னு தக்காளிச் செடின்னு சொல்லுவீங்க. எல்லாரும் கை தட்டிச் சிரிப்பாங்க. நாங்க நாப்பது பேரும் வீட்டுக்குப் போவோம். பாட்டில் கம்பெனி மூடினப்ப நீங்க ஒரு வருஷம் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கல. அம்மாதான் தெருவெல்லாம் வீடு கழுவப் போனாங்க. மறந்துட்டீங்களா?"

"அதுக்காக என்னையே ஏமாத்துவியா?"

"உங்கள ஏமாத்தறது ரொம்ப சுலபம்பா. எங்கெங்க பாப்பீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

வெண்டலுக்கு அறைந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், அவளை அறைய வேண்டும் என்றுகூட இருந்தது. "வெர்னாவோட குட்டிங்க" என்று ஆரம்பித்தார்.

"கேட்டேன். பாவம்தான்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே ஒட்டிக்கொண்டது. "நான் என்ன பண்ணட்டும்?"

"மீட்டிங்குக்கு வா. வந்து சொல்லு."

"சொன்னா மறுநாளே வெளிய. அப்புறம் நீங்க மட்டும் என்ன? கஸ் அங்கிள் கேட்டப்ப 'எப்பவும் போலத்தான்'னு சொன்னீங்களே. நான் ஜன்னல் பக்கத்துலதான் நின்னேன்."

அவள் காரிலிருந்து பஞ்ச் உளியைக் கொண்டுவந்து, பென்சில் கோட்டுக்குள் சரியாக மாட்டிவிட்டுப் போனாள். சூப் அப்படியே கிடந்து ஆறிப்போயிற்று.

குலுக்கலில் போன ரைஃபிள்களையெல்லாம் வெண்டல் வீடு வீடாகப் போய் வாங்கி வந்தார். ஏன் என்று சொல்லவில்லை. முடுக்கினார், குத்தினார், திருப்பிக் கொடுத்தார். வெர்னாவுடையதை முதலில் செய்தார். எல்லாவற்றிலும் இப்போது அந்த வளைவு விழுந்தது. வாங்கிப் போனவர்களுக்கும் கண் இருக்கிறதல்லவா? எதை ரிப்பேர் செய்தார் என்று ஒருவன் பிரித்துப் பார்த்தான், கம்பெனி போடாமல் விட்ட குத்தை வெண்டல் போட்டிருப்பது தெரிந்தது. ஒருவன் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி.

மார்ச் மாதச் சாப்பாட்டுக் கூட்டத்தில் கஸ் கேலி செய்யவில்லை. அதுவே வெண்டலுக்குப் பயமாக இருந்தது.

"வெண்டல், ஒரே கேள்வி. நீ சுட்டுப் பாத்த ரைஃபிள்ல குத்து இருந்துச்சா, இல்லையா?"

சமையலறை ஜன்னலில் கொரின் ஹலுஷ்கித் தட்டைக் கையில் வைத்தபடி நின்றாள். குத்து இருந்தது என்று சொன்னால், எந்தக் கடையில் எடுத்தாய் என்பது அடுத்த கேள்வி. அதற்கு அடுத்தது அவள் பெயர். இந்த ஊரில் கொரின் ஹூடாக் என்ற பெயருக்கு அதற்குமேல் பெட்ரோல் பங்க்கில்கூட வேலை கிடைக்காது. வெண்டல் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தெரியாது. நான் அதைப் பிரிக்கவே இல்ல. சுடவும் இல்ல."

கஸ் அவரையே பார்த்தார். "குழில போய்ச் சுட்டேன்னியே. சேத்துல புரட்டினேன்னியே."

"சொன்னேன்."

"ஏன்டா?"

"தோள் வலி. குளிர் வேற. கண்ணால பாத்தேன், நல்லா இருந்துச்சு. சொல்லிட்டேன்."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்போ அந்தத் தக்காளிச் செடி ரகம்? அதையாச்சும் சுட்டியா?"

இதை வெண்டல் யோசித்திருக்கவில்லை. ஒரு பொய்தான் சொல்கிறோம், ஒரு வருஷத்துத் தீர்ப்புதான் போகும் என்று நினைத்திருந்தார். வாயைத் திறந்தார். அதைச் சுட்டேன், அதற்கு முந்தியதையும் சுட்டேன், எல்லாவற்றையும் சுட்டேன் என்று இனி எந்த வாயால் சொல்வது? உட்கார்ந்துவிட்டார்.

வெர்னா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். அவர் பக்கமாக வந்து நின்றாள். "இத்தன நாளா நான்தான் எண்ணெய் சரியாப் போடலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், வெண்டல்" என்றாள். திட்டவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

கொரின் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். சமையலறையிலிருந்து அவர் மேசைவரை எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வெண்டலும் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைக்கத் தயாராக இருந்தார். ஆனாலும், உண்மையைச் சொல்லிவிட மாட்டாளா என்று ஒரு ஆசை அவருக்குள் எழும்பியது. வெட்கம் கெட்ட ஆசை. அவள் தட்டை அவர் முன்னால் வைத்தாள். வாயைத் திறந்தாள். திரும்பி கஸ்ஸைப் பார்த்தாள்.

"நான் அப்பவே தலதலயா அடிச்சுக்கிட்டேன் அங்கிள். சுட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்கப்பான்னு. கேட்டாத்தானே."

கஸ் பெருமூச்சு விட்டு, அவளைப் பார்த்துப் பாவம் என்பதுபோல் தலையாட்டினார். கொரின் முள்கரண்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள். அப்பாவின் தோளில், அவர் சற்றுமுன் இட்டுக்கட்டிய அந்த வலிக்கிற தோளில், கையை வைத்து மெல்லப் பிடித்துவிட்டாள்.

"ஆறிடும், சாப்பிடுங்கப்பா" என்றாள்.

வெண்டல் சாப்பிட்டார்.